ஓரியின் மலை

கடலின் நடுவே தனித்து நிற்கும் நிலப்பகுதியைத் தீவு என்கிறோம். சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் மலையை அவ்வாறு அழைக்கும் வழக்கம் இல்லை. எனினும், நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் செல்லும் வழியில் நின்று நோக்குவார்க்குக் கொல்லிமலை ஒரு பெருந்தீவு போலவே தோன்றும். வயலும் தோப்பும் சுற்றிலும் பரந்து கிடக்க, அவற்றின் எல்லையில் மலை சட்டென எழுந்து நிற்கிறது. கீழே வீசும் காற்று வேறு, மேலே வீசும் காற்று வேறு. கீழ் உள்ளோர் உணவும் தொழிலும் ஒரு வகையின; மேல் உள்ளோர் உணவும் தொழிலும் பிறிதொரு வகையின.

கிரேக்க நாட்டின் மேற்குக் கடலில் இதாக்கா என்னும் சிறு தீவு ஒன்று உள்ளது. வேனிற்காலத்தில் பல நாட்டு மக்களும் அங்குச் செல்கின்றனர். தெளிந்த நீரும் கூழாங்கற்கள் பரந்த கரையும் அவர்களை ஈர்க்கின்றன. ஆயினும், கடலாடி மீள்வதோடு அவர்கள் அமைவதில்லை. ஓமர் என்னும் பெரும்புலவர் பாடிய காவியத்தின் தலைவன் ஒடிசியசு ஆண்ட தீவு இது என்பதை நினைந்து, அவன் அரண்மனை எங்கே இருந்தது, அவன் பொருள் மறைத்து வைத்த குகை எது என்று வினவி வினவி மலைச்சரிவுகளில் அலைகின்றனர். அத்தீவிற்கு உலகப் புகழ் தந்தது ஒரு பாட்டே ஆகும். கொல்லிமலைக்கும் பாட்டு உண்டு. ஒன்றன்று, பல உண்டு. ஆனால், அருவியாட ஏறுவாருள் அப்பாட்டை நினைந்து ஏறுவார் மிகச் சிலரே. அக்குறை நீங்கவே இப்பாடம் எழுதப்படுகிறது.

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. நாமக்கல் மாவட்டத்தில் அடங்குவது. அதன் பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். மேற்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்துள்ளது. உச்சி கூர்ந்து முடியாமல், மேடும் பள்ளமும் விரவிய அகன்ற வெளியாக அமைந்திருத்தலால் அங்கு ஏரும் ஊரும் உள்ளன. சதுரகிரி என்பது இதன் மற்றொரு பெயர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிற்கும் எண் இட்டிருக்கின்றனர். பேருந்தில் செல்லும் சிறுவர் முதல் வளைவிலேயே உரக்க எண்ணத் தொடங்குவர். முப்பதைக் கடந்தும் எண்ணிக்கொண்டிருந்த சிறுவனை யான் கண்டதில்லை; அதற்குள் தலை சுற்றிவிடும். கீழே வேம்பும் புளியும் நின்ற இடத்தில், மேலே செல்லச் செல்ல மூங்கிலும் பலாவும் காப்பித் தோட்டமும் மிளகுக்கொடியும் வந்து நிற்கின்றன.

இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் குதிரையின் பெயரும் ஓரி என்பதே எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. அவனுடைய வில்லாற்றலையும் கொடையையும் ஒருங்கே காட்டும் பாடல் புறநானூற்றில் உள்ளது. பாடியவர் வன்பரணர். அதன் கருத்தைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும்.

பாணர் கூட்டம் ஒன்று பரிசில் வேண்டிக் காட்டு வழியே வருகிறது. அவ்வேளையில் வேட்டுவன் ஒருவன் நாணேற்றி ஓர் அம்பை விடுகிறான். அது யானையை வீழ்த்துகிறது. அவ்வளவில் நில்லாமல், வாய் பிளந்து நின்ற புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியையும் வீழ்த்தி, முடிவில் அருகே இருந்த புற்றில் கிடந்த உடும்பின் உடலிற் சென்று தைக்கிறது. பாணர் திகைத்து நிற்கின்றனர். ‘இவன் வெறும் வேட்டுவன் அல்லன்; மார்பில் சாந்து பூசியிருக்கிறான்; செல்வ நிலையினன் போலத் தோன்றுகிறான். ஓரி என்பான் இவனோ, அல்லனோ?’ என்று தம்முள் ஐயுறுகின்றனர். ஐயத்தைத் தீர்க்க அவர்கள் அவன் பெயரை வினவவில்லை. முழவை முழக்குகின்றனர், யாழை மீட்டுகின்றனர், முறைப்படி துறைகள் பலவும் பாடி, இறுதியில் அரசனைக் குறிக்கும் சொல்லால் அவனை விளிக்கின்றனர். அச்சொல் தன்னைக் குறித்தது என்று உணர்ந்ததும் அவன் நாணித் தலை கவிழ்கிறான். அந்த நாணமே விடையாயிற்று!

பின்பு நிகழ்ந்தது இன்னும் அருமையானது. ‘யாம் நாடு பல சுற்றி வந்தோம், உன்னை ஒத்த வேட்டுவர் எங்கும் இலர்’ என்று சொல்லித் தம் வறுமையைக் கூறத் தொடங்குமுன், அவன் அவர்களைப் பேசவிடாமல், தான் எய்த மானின் இறைச்சியையும் நறவையும் அளித்து உண்பிக்கிறான். அதன்மேல், தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிகளையும் கலந்து வாரி வழங்குகிறான். இரப்பவன் வாய் திறந்து இரக்க நேர்வதும் ஒரு துன்பம் என்று அறிந்தவன் அவன். வன்பரணரின் மற்றொரு பாட்டில், ஓரியிடம் பரிசில் பெற்ற கூத்தர் வயிறார உண்டமையால் ஆடலையும் பாடலையும் மறந்துபோயினர் என்று ஒரு நயமான செய்தி வருகிறது. பசிதான் அவர்களை ஆடவும் பாடவும் வைத்தது, பசி தீர்ந்தது, கலையும் மறந்தது. புலவர் இதைப் புகழாகச் சொல்கிறாரா, நகையாகச் சொல்கிறாரா என்று வகுப்பில் மாணவர் வாதிடுவது உண்டு. இரண்டும் என்பதே என் கருத்து.

ஒடிசியசும் வில்லில் வல்லவன். இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரன் வடிவில் தன் தீவிற்கு மீண்ட அவன், பிறர் எவராலும் நாணேற்ற இயலாத தன் வில்லை வளைத்து, வரிசையாக நிறுத்திய பன்னிரண்டு கோடரிகளின் ஊடே ஓர் அம்பைச் செலுத்தினான் என்று ஓமர் பாடுகிறார். அங்கும் அரசன் தன்னை மறைத்து நிற்கிறான். இங்கும் மறைத்து நிற்கிறான். அங்கும் வில்லே அவனைக் காட்டிக் கொடுக்கிறது, இங்கும் அவ்வாறே. வேற்றுமை அதன் பின்னர்தான் தோன்றுகிறது. விருந்தினர் என்னும் பெயரால் தன் வீட்டில் தங்கித் தன் செல்வத்தை உண்டு அழித்தவர்மேல் ஒடிசியசின் அடுத்த அம்பு பாய்கிறது. ஓரியின் அடுத்த செயலோ வந்தவர்க்குச் சோறளிப்பது.

இத்தகையோன் முடிவு துன்பமானது. முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரர்க்கு ஈந்தான். அகநானூற்றில் கல்லாடனார் இதனைக் குறிக்கிறார். காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே! வள்ளல் ஒருவன் வள்ளல் ஒருவனைக் கொன்ற செய்தியை நம் முன்னோர் மறைக்காமல் எழுதி வைத்தனர். ஓரியைக் கொன்றபின் அவன் பெருந்தெருவிற் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் ஓர் உவமையாக எடுத்தாளுகிறார். வென்றவனை வரவேற்ற ஒலி அன்று அது. தலைவனை இழந்த மக்களின் ஒலி. கபிலர் காரியையும் பாடியவர் என்பதை நினைக்குமிடத்து, அவ்வுவமையின் நேர்மை நமக்கு நன்கு விளங்கும். மலை சேரர் கைப்பட்ட பின்னர், அதன் தலைமை அவர்க்கொரு பட்டமாயிற்று. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்று கூறிக்கொள்கிறார்.

மலையைக் காணச் செல்வோர் இனி எதிர்பார்க்கும் வினா ஒன்று உண்டு: ‘ஓரியின் கோட்டை எங்கே? அரண்மனை எங்கே?’ அவன் அரண்மனை என்று காட்டத்தக்க சுவர் ஒன்றும் அங்கு இல்லை. மலைமேல் உள்ள செம்மேட்டில் வில்லேந்தி நிற்கும் ஓரியின் சிலை நம் காலத்தவர் எடுத்தது. ஆண்டுதோறும் ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் அரசின் சார்பில் அவன் பெயரால் விழா நிகழ்கிறது, விற்போட்டியும் நடைபெறுகிறது. மற்றபடி, சங்க காலத்துக் கொல்லிமலையை நமக்கு அடையாளம் காட்டுவன கல்லும் செங்கல்லும் அல்ல. கல்லாடனார் இம்மலையைச் சிவந்த வேர்ப் பலாமரங்கள் பயன் தரும் மலை என்கிறார். பலா இன்றும் அங்குக் காய்க்கிறது. அடிமரத்திலும் வேரை ஒட்டியும் பழம் தொங்கக் காணலாம். தேனும் இன்றும் கிடைக்கிறது. பாட்டில் உள்ளதற்குச் சான்று காட்டில்தான் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்க; பின்னர் வேண்டியிருக்கும்.

கொல்லிப்பாவையைப் பற்றியும் சொல்லவேண்டும். இம்மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வத்தால் ஆக்கப்பட்ட பெண்ணுருவம் ஒன்று இருந்தது என்றும், காற்று மோதினாலும் மழை பொழிந்தாலும் இடி இடித்தாலும் அதன் அழகு குன்றாது என்றும் நற்றிணைப் புலவர் கூறுவர். குறுந்தொகையிலும் அப்பாவை தலைவியின் அழகிற்கு உவமையாக வருகிறது. தன்னை நாடி வருவோரை நகைத்து மயக்கிக் கொல்லும் பொறி அது என்னும் கதை பின்னர்க் கிளைத்தது; அக்கதையைக் கொண்டே மலையின் பெயருக்கும் பொருள் கூறுவார் உளர். பழம்பாடல்கள் போற்றுவது அழகைத்தான், அச்சத்தை அன்று. இன்று மலைமேல் எட்டுக்கை அம்மன் என வணங்கப்பெறும் தெய்வத்தையே கொல்லிப்பாவை என்று மக்கள் நம்புகின்றனர்.

கொல்லி என்பது ஒரு பண்ணின் பெயராகவும் வழங்குகிறது. திருநாவுக்கரசர் திருவதிகையிற் பாடிய முதற் பதிகம் அப்பண்ணில் அமைந்தது. அவரே வேறோரிடத்தில் கொல்லிமலை மேலுள்ள அறப்பள்ளியைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார். தனிப்பதிகம் இன்றிப் பெயர் மட்டும் குறிக்கப்படும் இத்தகைய ஊர்களை வைப்புத்தலம் என்பர். அத்திருக்கோயில் ஐயாற்றின் கரையில், பெரியகோவிலூரில் உள்ளது. இறைவன் பெயர் அறப்பளீசுவரர். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்தி உலகியல் அறங்களைக் கூறும் நூல். ஐயாற்று மீனைப் பிடித்து அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, அறுபட்ட துண்டுகள் மீண்டும் பொருந்தி ஆற்றில் துள்ளிப் பாய்ந்தன என்று ஒரு கதை வழங்குகிறது. கோயிலுக்கு வருவோர் அந்த மீன்களுக்கு உணவிட்டு மகிழ்கின்றனர்.

கோயிலின் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. அவை ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. இறங்கும்போது பாட்டும் சிரிப்புமாகச் செல்வோர், ஏறும்போது பேசுவதில்லை. ஆயினும் அவ்வுழைப்பு வீண்போகாது. ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து பாறைகளின் இடையே விழுகிறது. கீழே நின்று அண்ணாந்து நோக்கினால், நீர் வானத்திலிருந்தே பொழிவது போலத் தோன்றும். நீர்த்திவலை நெடுந்தொலைவு தெறிக்கிறது. அவ்வாறே கீழிறங்கிப் புளியஞ்சோலை வழியே ஆறு சமவெளியை அடைகிறது.

அருவி கண்டோர் பெரும்பாலும் அத்துடன் திரும்பிவிடுகின்றனர். மலையில் வாழும் மக்களை அவர்கள் கண்டும் காண்பதில்லை. அம்மக்களை மலையாளி என்பர். இது கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல் அன்று. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளது. அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அம்மூவர் வழியினரே கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன்மலை ஆகியவற்றில் வாழ்கின்றனர் என்றும் அவர்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். கொல்லிமலை ஊராட்சிகள் 14. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு எனப் பதினான்கின் பெயரும் நாடு என்றே முடிகின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர்களின் தொகுதியை நாடு என்று குறித்த வழக்கு, சமவெளியில் பெரும்பாலும் மறைந்தொழிந்தது. மலைமேலோ அஞ்சல் உறையின் முகவரியிலும் அது வாழ்கிறது!

இம்மக்களின் பழைய உணவு சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள். சரிவான நிலத்தில், மழைநீரை மட்டும் நம்பி, ஒரே தானியத்தில் பல வகை விதைகளைப் போற்றி வந்தனர். குறைந்த நாளில் விளைவது ஒன்று. மழை பொய்த்தாலும் தாங்குவது ஒன்று. கூழுக்கு ஏற்றது ஒன்று. வைக்கோல் மிகுதியாகத் தருவது மற்றொன்று. கடந்த சில பதிற்றாண்டுகளில் இந்நிலை மாறியது. சமவெளியிலுள்ள சவ்வரிசி ஆலைகள் வேண்டும் மரவள்ளிக்கிழங்கு மலைமேல் ஏறியது. குச்சிக்கிழங்கு என்பது இப்பகுதியார் அதற்கு வழங்கும் பெயர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அக்கிழங்கு, சாமை விளைந்த சரிவுகளில் பெரும்பகுதியைக் கைப்பற்றிக்கொண்டது.

இதற்காக மலைமக்களைக் குறை கூறுதல் தகாது. கிழங்கு விற்றால் கையில் பணம் வருகிறது. பிள்ளைகளின் படிப்பிற்கும் மருந்திற்கும் அது வேண்டும். சாமையின் உமியோ எளிதில் நீங்குவது அன்று. உரலில் இட்டு, குத்திப் புடைத்து, மீண்டும் குத்திப் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். அவ்வளவும் பெண்களின் தோள்மேல் விழுந்த வேலை. நியாயவிலைக் கடையில் நெல்லரிசி கிடைக்கும்போது உலக்கையை யார் விரும்பி எடுப்பர்? பழைமை அழிகிறதே என்று சமவெளியிலிருந்து வருந்துவோர் ஒருவேளையேனும் சாமை குத்திப் பார்த்திருப்பாரல்லர்.

சென்னையில் 1988-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இச்சிக்கலின் முடிச்சை அறிந்து செயற்பட்டது. ஊர்களில் விதை வங்கிகள் அமையத் துணை செய்தது. உமி நீக்கும் சிறு எந்திரங்களை மலையூர்களில் நிறுவச் செய்தது. மகளிர் குழுக்கள் சிறுதானிய மாவும் அரிசியும் ஆக்கி விற்கக் கற்றுக்கொண்டன. விதையைக் காக்க வேண்டுமாயின் முதலிற் குத்துவோரின் தோளைக் காக்க வேண்டும் என்று கண்டதே இதிற் சிறந்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் இப்போது சாமையும் தினையும் நல்ல விலைக்குப் போகின்றன. ஆயினும் இழந்த நிலம் முழுவதும் மீளவில்லை.

மாணவர்களே, முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதை இங்கே நினைவுகூர்க. புறநானூறு ஓலைச்சுவடியில் இருந்தது. ஓலை நெடுங்காலம் நில்லாது; செல்லரிக்கும், ஒடியும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரேனும் ஒருவர் படியெடுத்தமையால்தான், உ. வே. சாமிநாதையர் அதனை 1894-ஆம் ஆண்டு அச்சிட முடிந்தது. ஒரு தலைமுறையினர் சோம்பியிருந்தால் ஓரி என்னும் பெயரையே நாம் அறிந்திருக்கமாட்டோம். விதையின் நிலையும் அதுவே. குதிரிற் கிடக்கும் சாமை சில ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழக்கும். விதைத்து அறுத்து மீண்டும் விதைத்தால்தான் அது வாழும். பெயர் அறியாத உழவர் எத்தனையோ தலைமுறையாகப் படியெடுத்து வந்த சுவடி அது. ஓரியின் மலையில் சுவரும் மதிலும் இல்லை என்று முன்பு கூறினேன். இருப்பவை பலாவும் தேனும் தானியமும். அவையும் போய்விட்டால், பாட்டில் உள்ள கொல்லிமலை வேறு, கண்ணால் காணும் கொல்லிமலை வேறு என்று ஆகிவிடும்.

கொல்லிமலை செல்வோர் உணவுப் பொட்டலங்களைக் கீழேயிருந்தே கட்டிக்கொண்டு போகின்றனர். அருவிக்கரையில் உண்டு, உறைகளை அங்கேயே எறிந்து திரும்புகின்றனர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாட்டு அரசு 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. தடைக்குப் பின்னும் பாறையிடுக்குகளில் அவை இல்லாமல் இல்லை. வந்தவர்க்கெல்லாம் உணவளித்தவன் மலைக்கு உணவு கொண்டு செல்வதும், அதன் எச்சத்தை அவன் மலைக்கே பரிசாக விட்டு வருவதும் விந்தையான விருந்து முறை.

செல்வதற்கு ஆடித் திங்கள் ஏற்றது. விழாவும் அப்போது நிகழும். அருவியிலும் நீர் இருக்கும். குளிர் தாங்காதவர் போர்வை கொண்டு செல்க. திரும்பும்போது சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழையும் மிளகும் தேனும் எளிதிற் கிடைக்கும். அங்கே சாமை அரிசி வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்க. கடைக்காரர் உடனே எடுத்துத் தராமல் உள்ளே சென்று தேடுவாராயின், சற்றுப் பொறுத்திருந்து வாங்கி வருக.